முப்பத்தாறு சுத்தமான புத்தகங்கள்

சலவைக்கடையில் அவருக்குக் கறைக்காரர் என்று பட்டம். கறை பட்ட துணிகள் எல்லாம் இயந்திரத்துக்குள் போவதற்கு முன்னால் அவருடைய மேஜைக்குத்தான் வரும். மை, காபி, ரத்தம், துரு, குழந்தை கக்கிய பால் என்று எது வந்தாலும் மனிதர் அசர மாட்டார். துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மோந்து பார்த்து, உள்தையலில் ஒரு சொட்டு மருந்து விட்டுச் சோதித்து, பிறகு விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்ல ஒற்றி எடுப்பார். நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் கறை பரவும் என்பது அந்த வேலையில் முதல் பாடம். முப்பது வருஷத்தில் அவர் கைவிட்ட துணிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்தத் தொழிலுக்கு ஒரு மரியாதையும் உண்டு. வாடிக்கையாளரிடம் இரண்டே கேள்விதான் கேட்கலாம். என்ன கறை, எத்தனை நாளாச்சு. எப்படிப் பட்டது என்ற மூன்றாவது கேள்வி கூடாது. சட்டைக் காலரில் உதட்டுச்சாயத்தோடு வருகிறவன் அதைப் பெயின்ட் என்று சொன்னால் அது பெயின்ட்தான். அடுத்தவர் கறையைப் பார்க்கலாம், எடுக்கலாம், துருவக் கூடாது. இந்த மரியாதையை அவர் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கும் கொண்டுவந்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மனைவி இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள். வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், பெற்றோர்களின் புலம்பல் எல்லாம் அவள் மேஜை வழியாகத்தான் போகும். அத்தனைக்கும் நடுவில் புத்தகம் இல்லாமல் அவளுக்குப் பொழுது போகாது. உடம்பைப் பற்றியது, பேச்சைப் பற்றியது, பயணம், கதை, இன்னது என்றில்லை. ஆனால் படித்தது எதுவும் தங்க மாட்டேன் என்கிறது என்று ஆரம்பத்தில் ரொம்பக் குறைப்பட்டுக்கொள்வாள். போன மாதம் படித்த புத்தகத்தில் என்ன இருந்தது என்று யோசித்தால் அட்டையின் நிறம்தான் ஞாபகம் வருகிறது என்பாள். ஒரு கட்டத்தில் அந்தப் புலம்பல் நின்றுபோனது. அதற்குப் பிறகு அவள் கையில் புத்தகத்தோடு ஒரு பென்சிலும் இருந்தது. கறைக்காரர் அதைப் பார்த்து, பரீட்சை எப்போது என்று கேட்பார். இருபது வருஷமாக இதே கேள்விதான், ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் தோன்றியது போலச் சிரிப்பார். நடந்துகொண்டேதான் இருக்கிறது என்று அவளும் சிரிப்பாள். பென்சிலால் என்ன எழுதுகிறாள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். தூரத்து ஊரில் ரயில் ஓட்டுகிறாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வேலைக்குத் தேர்வாகியிருப்பதாக அவள் வந்து சொன்னபோது இவருக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ, பெண் பிள்ளை எஞ்சின் ஓட்டுவதாவது என்று தாம்தூம் என்று குதித்தார். போவதானால் ஒரேயடியாகப் போய்விடு, திரும்பி இந்த வாசலை மிதிக்காதே என்றார். கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் மகளும் இவர் பெற்றவள்தானே, ஒற்றைப் பெட்டியோடு கிளம்பிப் போய்விட்டாள். பதினொரு மாதம் அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அம்மா மட்டும் பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளையில் மகளைக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று விசாரிப்பாள். சண்டையைப் பற்றி வாயே திறக்க மாட்டாள். பிறகு ஒரு நாள் மாலை அப்பாவே மகளுக்குப் போன் செய்து, லீவு கிடைத்தால் வந்துவிட்டுப் போம்மா என்றார். மகள் போனிலேயே அழுதாள். அப்பா தானாக மனசு இளகிக் கூப்பிட்டார் என்பது அந்தக் குடும்பத்தில் நிலைத்துப்போன கதை. மகள் அதைச் சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

மனைவி போன பிறகு அப்பாவுக்கும் மகளுக்கும் வாரத்துக்கு ஒரு போன். மாத்திரை போட்டீங்களா, போட்டேன், வெச்சிடட்டுமா, சரிம்மா. அதற்கு மேல் நீளாது. அப்படிப்பட்ட மகள் ஒரு நாள், பத்து வாரம் கழித்து லீவில் வருகிறேன், அம்மாவுடைய புத்தகங்கள் எல்லாம் எனக்கு வேண்டும், ஒன்றைக்கூட யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள் என்று சொன்னாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. வளர்ந்து ஆளான பிறகு மகள் அவரிடம் கேட்ட முதல் பொருள் அது.

அன்று மாலையே அலமாரியைத் திறந்தார். முப்பத்தெட்டுப் புத்தகங்கள். ஒன்றை எடுத்துப் பிரித்தவருக்குப் பகீர் என்றது. பக்கத்துக்குப் பக்கம் பென்சில். வரிகளைச் சுற்றி வட்டம், ஓரம் முழுக்கப் பொடி எழுத்து, தேதிகள், சரி என்று குறிகள், குறுக்கே அடித்த கோடுகள், மடக்கிய மூலைகள். எல்லாப் புத்தகமும் இதே லட்சணம். மகள் ஆசையாகக் கேட்டதை இந்தக் கோலத்திலா கொடுப்பது என்று அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊரார் துணியெல்லாம் புதுசு போல ஆக்கித் தருகிறவர், பெற்ற மகளுக்கு இதைச் செய்ய மாட்டாரா?

அடுத்த நாளே வேலையை ஆரம்பித்துவிட்டார். தினமும் கடையிலிருந்து வந்ததும் கை கழுவித் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவார். கடைசிப் பக்கத்தின் மூலையில் முதலில் சோதனை. மிருதுவான ரப்பரை விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரே திசையில் இழுப்பார். துகளைப் பழைய சவரப் பிரஷ்ஷால் தட்டுவார். மனைவி அழுத்தி எழுதுகிறவள், அழித்த பிறகும் காகிதத்தில் பள்ளம் தெரிந்தது. அதற்கும் வழி வைத்திருந்தார். ஒட்டப் பிழிந்த துணியைப் பக்கத்தின் மேல் விரித்து, இளஞ்சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒருமுறை ஓட்டினால் பள்ளம் மேடாகிவிடும். மடங்கிய மூலைகளும் அப்படியே படிந்தன. புத்தகத்துக்கு இஸ்திரி போடுகிற முதல் ஆள் நீங்கள்தான் என்று கடையில் பெட்டி போடுகிறவர் கேலி செய்தார். அப்படி என்னதான் எழுதியிருந்தது என்றும் கேட்டார்.

"நான் படிக்கலை. அவளுக்காக அவ எழுதிக்கிட்டது. நான் எதுக்குப் படிக்கணும்?"

இதைச் சொல்லும்போது அவருக்குத் தன்மேலேயே ஒரு மதிப்பு வந்தது. கண்ணாடியைக்கூட வேண்டுமென்றே கழற்றி வைத்துவிட்டுத்தான் அழித்தார். எழுத்து மங்கலாகத் தெரியும், கறை மட்டும் கறையாகத் தெரியும். மனைவி இல்லாத வீட்டில் அந்தப் பத்து வாரமும் அவருக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. அவள் பொருளைத் தொட்டுக்கொண்டிருக்கிறோம், மகளுக்காகச் செய்கிறோம் என்ற நினைப்பில் சாப்பாடுகூடக் கொஞ்சம் இறங்கியது.

முப்பத்தாறாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை ஊதித் துடைத்துக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். அடுத்த வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஓய்வறையில் இருக்கிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை வந்துவிடுவாளாம். புத்தகங்கள் பத்திரமா என்று கேட்டாள்.

"வந்து பாரேன். நேத்துக் கடையில வாங்கின மாதிரி இருக்கும்" என்றார்.

"அது எப்படியிருந்தா என்னப்பா. புத்தகம் எந்தக் கடையிலயும் கிடைக்கும். எனக்கு அம்மா ஓரத்துல எழுதினதுதான் வேணும்."

கறைக்காரரின் கை அப்படியே நின்றது. மகள் அன்று வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினாள். அம்மா ஒருமுறை அவளிடம் தன் ரகசியத்தைச் சொல்லியிருக்கிறாள். படிக்கும்போது உருப்படியாக ஒன்று கண்ணில் பட்டால் வட்டம் போட வேண்டும். ஒரு வாரத்துக்குள் அதை வீட்டில் செய்து பார்க்க வேண்டும். செய்தால் என்ன ஆனது என்று அந்த வரிக்குப் பக்கத்திலேயே தேதி போட்டு எழுத வேண்டும். அப்போதுதான் படித்தது நம்மிடம் தங்கும், இல்லாவிட்டால் சல்லடையில் தண்ணீர் என்றாளாம். இருபது வருஷம் அவள் அப்படித்தான் படித்தாள். இதைச் சொல்லிவிட்டு மகள் கொஞ்சம் தயங்கினாள்.

"நான் கிளம்பிப் போன அந்த வருஷம் அம்மா எனக்காக உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலை. அது எனக்கு இன்னும் ஆறலைப்பா. நீங்களாவது கூப்பிட்டீங்க. அம்மா ஏன் வாயே திறக்கலைன்னு அதுல எங்கேயாவது எழுதியிருப்பா. அதைத் தெரிஞ்சுக்கணும்."

லைனில் இருக்கிறீர்களா என்று மகள் கேட்டாள். இருக்கேன்மா என்றார். நடந்ததை அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. போனை வைத்துவிட்டு மேஜையைப் பார்த்தார். ரப்பர் துகள் ஒரு சின்னக் குவியலாகக் கிடந்தது. அத்தனையும் மனைவி எழுதியது. அதைத் துடைத்துக் குப்பையில் போடவும் மனசு வராமல் ஒரு காகிதத்தில் கூட்டி மடித்து வைத்தார். வைத்து என்ன பிரயோஜனம்?

மிச்சம் இருந்தவை இரண்டு புத்தகங்கள். மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதன்முதலாக மனைவியின் கையெழுத்தைப் படிக்க உட்கார்ந்தார்.

முதல் புத்தகம் வீட்டில் பேசிக்கொள்வது பற்றியது. ஒரு பக்கத்தில், வேலையிலிருந்து வருகிறவரிடம் பொதுவாக எதையும் கேட்காதீர்கள், அவருடைய வேலையைப் பற்றி ஒன்றே ஒன்று கேளுங்கள், கேட்டுவிட்டுக் காத்திருங்கள் என்று அச்சிட்டிருந்தது. அதைச் சுற்றி வட்டம். ஓரத்தில் அவள் எழுத்து.

முதல் நாள்: இன்று என்ன கறை என்று கேட்டேன். எப்பவும் போலத்தான் என்றார். இரண்டாம் நாள்: அதே பதில். ஐந்தாம் நாள்: உனக்கு எதுக்கு அது என்றார். விடவில்லை. ஒன்பதாம் நாள்: மை என்றார். காத்திருந்தேன். அரை மணி நேரம் பேசினார். மையில் இத்தனை வகை இருப்பது எனக்குத் தெரியாது.

கறைக்காரர் அந்தப் பக்கத்தை விட்டு நகர முடியாமல் இருந்தார். இன்றைக்கு என்ன கறை என்று அவள் தினமும் கேட்டது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவளுக்குக் கறைகளில் ஒரு ஆர்வம் என்றுதான் அத்தனை வருஷமும் நம்பியிருந்தார். கடையில்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இது என்ன, நம்மேல் செய்து பார்த்த பாடமா என்று சுருக்கென்று இருந்தது. கொஞ்ச நேரம் அவள்மேல் கோபம்கூட வந்தது. பக்கத்தின் அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது.

இருபத்தோராம் நாள்: கேட்க மறந்துவிட்டேன். அவரே வந்து சொன்னார்.

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. மனைவி இறந்த அன்று ஆட்கள் நடுவில் அழுததற்கும் இப்போது அழுததற்கும் சம்பந்தமே இல்லை. அன்று அழுதது அவள் இல்லாததற்கு. இன்று, இருந்தபோது அவளைப் பார்க்காமல் போனதற்கு.

இரண்டாவது ஒரு கதைப் புத்தகம். அதில் யாரோ ஒருத்தி வீட்டுக்குள் நுழையும் முன் வாசலில் ஒரு நிமிஷம் நிற்பாள் போலிருக்கிறது. அதற்கும் வட்டம். இன்றிலிருந்து நானும் பள்ளிக்கூடத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போகப்போகிறேன் என்று எழுதியிருந்தாள். அதன் கீழே: நாலு நாள் சரியாக நடந்தது. இன்று மறந்துபோய், நுழைந்ததும் அவர்மேல் எரிந்து விழுந்தேன். ராத்திரி வருத்தம் தெரிவித்தேன். எதுக்கு என்று கேட்கிறார். கவனிக்கவே இல்லை. அதற்கும் கீழே: வாசலில் நின்றால் சாவியைத் தொலைச்சிட்டியா என்று உள்ளிருந்து கத்துகிறார். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். இதுவும் பலன்தான்.

சாவி. எத்தனை வருஷம் அப்படிக் கத்தியிருக்கிறார். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற ஞாபகமறதிக்காரி என்று மகளிடமே கேலி செய்திருக்கிறார்.

மகளின் சண்டையைப் பற்றி அந்த இரண்டிலும் ஒன்றுமில்லை. தேதிகளைப் பார்த்தார், இரண்டுமே அதற்கு ரொம்ப முந்தியவை. இருந்தால் மற்ற முப்பத்தாறில்தான் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பென்சில் தூளை விரலில் தொட்டு ஓரங்களில் லேசாகப் பூசிப் பார்த்தார். அப்படிச் செய்தால் அழிந்த எழுத்தின் பள்ளம் வெள்ளையாகத் தெரியும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். எதுவும் தெரியவில்லை. இஸ்திரி அவ்வளவு நன்றாகப் படிந்திருந்தது. வாழ்நாளில் அதைவிடச் சுத்தமாக அவர் எந்த வேலையையும் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, அதற்குள் சொல்லிவிட்டார். ரப்பர், சவரப் பிரஷ், இஸ்திரிப் பெட்டி, கண்ணாடியைக் கழற்றி வைத்தது, எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். அவள் கத்தவில்லை. அலமாரிக்குப் போய் ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். வைத்துவிட்டு இன்னொன்று. பிறகு இன்னொன்று. பத்துப் பன்னிரண்டு புத்தகம் பார்த்த பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணுமே இல்லையேப்பா" என்றாள்.

அதற்கு அவள் நாலு அறை அறைந்திருக்கலாம். அவருக்கு அது சுலபமாக இருந்திருக்கும்.

மிஞ்சிய இரண்டையும் அவள் மதியம்வரை படித்தாள். சாவியைப் பற்றிய பக்கத்தில் சிரித்தாள், சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் சமைத்து வைத்ததைப் பேருக்குக் கொறித்தாள். பிறகு என்ன தோன்றியதோ, அழித்த புத்தகங்களில் ஐந்தாறை அள்ளிக்கொண்டு வந்து அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதினது போச்சு. ஆனா அம்மா செஞ்சு பார்த்தது எல்லாம் உங்ககிட்டதானே? நான் வரியைப் படிக்கிறேன். அம்மா அப்படி ஏதாவது செஞ்சாளான்னு சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

பென்சிலும் கையுமாக அவள் ஆரம்பித்தாள். இவரும் ஒரு நம்பிக்கையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். எது வட்டம் போட்ட வரி என்று தெரியாததால் அவளாக ஊகித்து, அம்மாவுக்குப் பிடித்திருக்கும் என்று தோன்றியதைப் படித்தாள். புதிதாகக் கற்றதை அன்றே ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள் என்று ஒரு வரி. அவர் யோசித்தார். மனைவி எதையோ சொல்ல வந்ததும், இவர் செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமல் அப்புறம் சொல்லு என்றதும் ஞாபகம் வந்தது. என்ன சொல்ல வந்தாள் என்பது ஞாபகம் இல்லை. கூட நடக்கிறவரின் வேகத்துக்கு நடங்கள் என்று ஒரு வரி. அது ஞாபகம் இருந்தது. இவருக்கு முட்டி வலி வந்த பிறகு எப்போதும் ஓட்டமும் நடையுமாகப் போகிற அவள் மெதுவாக நடக்க ஆரம்பித்தாள், கேட்டால் செருப்பு கடிக்கிறது என்பாள். மகள் அதை ஓரத்தில் எழுதிக்கொண்டாள். தூங்கப் போகும் முன் அன்றைய நாளில் நடந்த ஒரு நல்லதைச் சொல்லிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி. சொன்னாளா? சொல்லியிருப்பாள். இவர் தூங்கிப் போயிருப்பார்.

இப்படியே போனது. இருபது வரி படித்ததில் மூன்றுக்குத்தான் அவரிடம் பதில் இருந்தது. மற்றதற்கெல்லாம் ஞாபகமில்லைம்மா, ஞாபகமில்லைம்மா. இருபது வருஷம் ஒருத்தி கண்முன்னால் வாழ்ந்து காட்டியிருக்கிறாள், மனிதர் எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு முறை ஞாபகமில்லை என்று சொல்லும்போதும் ரப்பரை இன்னொருமுறை இழுப்பது போல அவருக்கு இருந்தது. மகளின் குரலும் இறங்கிக்கொண்டே வந்தது.

கடைசியாகப் பச்சை அட்டை போட்ட ஒன்றை எடுத்தாள். ரயில் நிலையத்துக்கு அம்மா தன்னை வழியனுப்ப வந்த அன்று அவள் கைப்பையில் இந்தப் புத்தகம் இருந்தது என்றாள். பக்கங்களை மெதுவாகத் தள்ளிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். அந்தப் பக்கத்தின் மூலையில் மட்டும் மடிப்பின் தடம் மெல்லிய கோடாக இருந்தது. பலமுறை மடித்துப் பிரித்த இடம். சில மடிப்புகள் எந்த இஸ்திரிக்கும் போகாது. அந்தப் பக்கத்தை அவள் நிதானமாகப் படித்தாள்.

பிணக்கு நீண்டுகொண்டே போனால், யார் செய்தது தவறு என்ற விசாரணையை நிறுத்துங்கள். நீங்கள் செய்யாத தவறையும் செய்ததாக ஏற்றுக்கொண்டு, ஒருமுறை மன்னிப்புக் கேட்டுப் பாருங்கள். இறங்கி வர வழி தெரியாமல் நிற்கிறவருக்கு அது ஒரு படியாக இருக்கும்.

படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இது? இதை அம்மா செஞ்சாளா?"

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஏழு வருஷமாக ஒரு நாள்கூட அவர் அதை எடுத்துப் பார்த்ததில்லை, எடுத்துப் பார்க்காமல் இருப்பது வசதியாகவும் இருந்தது. ஞாபகமில்லைம்மா என்று இன்னொரு தடவை சொல்லிவிடலாம். இவ்வளவு நேரம் சொன்னதோடு இதுவும் ஒன்றாகப் போய்விடும். மனைவி எழுதி வைத்ததை அவர் கையாலேயே அழித்தாயிற்று, இனி உலகத்தில் அதைத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மகள் தன்னைப் பற்றி நல்லதாக நினைப்பது அந்த ஒரு போனை வைத்துத்தான் என்பதும் அவருக்குத் தெரியும். அதையும் கொடுத்துவிட்டால் கையில் என்ன மிஞ்சும்? அவர் வாய் ஞா என்று ஆரம்பிக்கக்கூடச் செய்தது. ஆனால் ஓரத்தில் எழுதுவதற்காகப் பென்சிலைப் பிடித்துக்கொண்டு மகள் காத்திருந்தாள், கேள்வி கேட்டுவிட்டு அவள் அம்மா காத்திருந்தது மாதிரியே.

"செஞ்சா" என்றார். "நீ போய்ப் பதினொரு மாசம். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நான் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டிருந்தேன். உங்கம்மா வந்து எதிர்ல உக்காந்தா. 'பொண்ணை அப்படி வளர்த்தது நான்தான், தப்பு என்மேலதான், மன்னிச்சுடுங்க'ன்னா. அவமேல என்ன தப்பு? எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் ஷூவைக் கீழே வைக்காம, 'சரி விடு, மன்னிச்சுட்டேன்'னு சொன்னேன். யார்மேலயாவது தப்பைப் போட்டாத்தான் எனக்கு இறங்கி வர முடிஞ்சுது. அன்னைக்குச் சாயங்காலம்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

மகள் எழுதவில்லை. பென்சில் அந்த ஓரத்துக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது.

"நானா கூப்பிடலைம்மா. அவதான் கூப்பிட வெச்சா. நீ எல்லார்கிட்டயும் அப்பாவே கூப்பிட்டாருன்னு சொல்லும்போது அவ பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருப்பா. நானும் ஒண்ணும் சொல்லலை, அவளும் சொல்லலை."

மகள் தன்னைத் திட்டுவாள், எழுந்து போய்விடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. புத்தகத்தின் வெற்று ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபடியே பேசினாள்.

"கடைசியா நான் வந்தப்ப, நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. அம்மா படுத்திருந்தா. அவளுக்கு அவ்வளவு முடியலைன்னு எனக்குத் தெரியாதுப்பா. மனசுல வெச்சிருந்ததைக் கேட்டுட்டேன். 'அப்பாவாவது கூப்பிட்டாரு, நீ எனக்காக ஒரு வார்த்தைகூடப் பேசலையேம்மா'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'ஆமாம்மா, பேசலைதான். தப்பு என்மேலதான், மன்னிச்சுடு'ன்னா."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே அவள் சொன்னாள்.

"நானும் மன்னிச்சுட்டேன்னுதான் சொன்னேன்ப்பா."